மனைவி என்பதற்குச் சான்று: எல்லையில் நிறுத்தப்பட்ட இந்தியத் திருமணங்கள்

வெளிநாட்டில் வாழும் கணவனுடன் சேர விண்ணப்பிக்கும் இந்தியப் பெண் ஒருவர் தூதரகத்திடம் ஒப்படைக்கும் கோப்பில் இன்று என்னென்ன இருக்கின்றன? திருமணப் பதிவுச் சான்று, அழைப்பிதழ், மண்டபத்தில் எடுத்த ஒளிப்படங்கள், இருவரும் பேசிக்கொண்டதற்கான அலைபேசிப் பதிவுகள், கணவனின் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வீட்டு வாடகை ஒப்பந்தம். ஊரும் உறவும் கூடி நின்று நடத்திவைத்த ஒரு மணத்தை, அந்த ஊரையும் உறவையும் அறியாத அலுவலர் ஒருவர் தாள்களைப் புரட்டிப் பார்த்து, உண்மையானதா இல்லையா என்று முடிவு செய்கிறார்.

இந்த நடைமுறை இன்று எவருக்கும் விந்தையாகப் படுவதில்லை. ஆனால் ஒரு மணம் செல்லும், செல்லாது என்று எல்லையில் அமர்ந்திருக்கும் அரசு தீர்மானிப்பது என்றென்றும் இருந்த வழக்கமன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், பிரிட்டிஷ் பேரரசின் குடியேற்ற நாடுகளில் அது உருப்பெற்றது. அது உருப்பெற்றபோது சோதனைக்கு உள்ளானவற்றுள் முதன்மையானவை இந்தியத் திருமணங்கள்.

தேவைப்பட்ட பெண்களும் தடுக்கப்பட்ட பெண்களும்

இதே பேரரசு ஒரு காலத்தில் இந்தியப் பெண்கள் கடல் கடந்து வரவேண்டும் என்று வற்புறுத்தியது. 1834 முதல் மொரீசியசுக்கும், பின்னர் கரிபியத் தீவுகள், நேட்டால், பிஜி ஆகிய இடங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் அனுப்பப்பட்டனர். கப்பலேறும் 100 ஆண்களுக்குக் குறைந்தது 40 பெண்கள் இருக்கவேண்டும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொது விதியாக நிலைபெற்றது. அந்த எண்ணிக்கை நிறைவுறாவிடில் கப்பல் புறப்படுவது தடைப்படும். எனவே சென்னையிலும் கல்கத்தாவிலும் ஆள்பிடிப்போர் பெண்களைத் தேடி அலைந்தனர். அங்கே எவரும் பெண்ணிடம் திருமணச் சான்று கேட்கவில்லை. தோட்டத்துக்கு உழைக்கும் கைகள் வேண்டும். ஆண்கள் அடங்கி இருக்கப் பெண்கள் வேண்டும். அவ்வளவே.

கூலியாக அன்றித் தன் விருப்பத்தில் சென்ற வணிகனோ உழவனோ மரத்தொழிலாளியோ தன் மனைவியை அழைத்துவர விரும்பியபோது கணக்கு தலைகீழானது. தனி ஆண் என்றேனும் ஊர் திரும்பிவிடுவான் என்று எதிர்பார்க்கலாம். மனைவி வந்தால் வீடு வரும், பிள்ளைகள் பிறப்பர், பிள்ளைகளுக்குப் பள்ளியும் வாக்குரிமையும் நிலமும் வேண்டியிருக்கும். குடியேற்ற நாடுகளின் வெள்ளை அரசியல் அஞ்சியது அந்தப் பெண்ணைக் கண்டு அன்று, அவள் வழியே ஊன்றக்கூடிய வேரைக் கண்டு. மனைவியைத் தடுப்பது ஒரு சமூகத்தையே தடுப்பதற்கு எளிய வழியாக அமைந்தது.

வான்கூவர், 1912

1904 முதல் 1908 வரையிலான சில ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 இந்தியர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தை அடைந்தனர். பெரும்பாலோர் பஞ்சாபியர், அவர்களுள் பலர் பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணியாற்றியவர்கள். 1908இல் கனடா ஒரு விதியை இயற்றியது: பிறந்த நாட்டிலிருந்தோ குடியுரிமை பெற்ற நாட்டிலிருந்தோ இடைநிற்காத ஒரே பயணமாக, அங்கேயே வாங்கிய சீட்டுடன் வருவோருக்கு மட்டுமே அனுமதி. விதியில் இந்தியர் என்ற சொல்லே இல்லை. ஆனால் இந்தியாவிலிருந்து கனடாவுக்கு அத்தகைய சீட்டை விற்கக் கப்பல் நிறுவனம் எதுவும் முன்வரவில்லை. பெயர் குறிப்பிடாமலே ஒரு மக்களை முழுமையாக விலக்கிய சட்டமொழி இது.

ஏற்கெனவே அங்கே குடியமர்ந்தவர்களின் மனைவியரையும் இவ்விதி தடுத்தது. வான்கூவர் குருத்வாராவின் நிர்வாகத்தில் இருந்த பாக் சிங்கும் அதன் கிரந்தியான பல்வந்த் சிங்கும் குடும்பத்தை அழைத்துவர இந்தியா வந்தனர். நேர்ச்சீட்டு கிடைக்காமல் அலைந்து, ஹாங்காங் வழியாக 1912 ஜனவரியில் மனைவி மக்களுடன் வான்கூவரை அடைந்தனர். ஆண்கள் இருவரும் பழைய குடியிருப்பாளர் என்பதால் இறங்க அனுமதி கிடைத்தது. மனைவியரையும் குழந்தைகளையும் திருப்பி அனுப்ப ஆணை பிறந்தது.

இந்தியர் சும்மா இருக்கவில்லை. ஒட்டாவாவுக்குத் தூதுக்குழு சென்றது, வழக்கு தொடரப்பட்டது, கூட்டங்கள் நடந்தன. ஜப்பானியர் தம் மனைவியரை அழைத்துவர முடிகிறது, பேரரசின் குடிகளும் படைவீரருமான தமக்கு அது ஏன் மறுக்கப்படுகிறது என்று அவர்கள் கேட்டனர். இறுதியில் கனடா அரசு அக்குடும்பங்களைத் தங்க அனுமதித்தது. அனுமதித்த முறைதான் கவனிக்கத்தக்கது. இது கருணையின் பேரில் செய்யப்படுவது. பிறருக்கு முன்மாதிரி ஆகாது. கணவனும் மனைவியும் ஒரு கூரையின் கீழ் வாழ்வது உரிமையாக அன்றி, அரசு மனமிரங்கி அளித்த சலுகையாக ஏட்டில் ஏறியது. அதற்குப் பின் பல ஆண்டுகள் கனடாவில் இந்தியப் பெண்களின் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருந்தது.

கேப் டவுன், 1913

கனடாவில் கேள்வி 'மனைவி எப்படி வந்தாள்' என்பதாக இருந்தது. தென்னாப்பிரிக்காவில் அது 'அவள் மனைவிதானா' என்று மாறியது.

போர்ட் எலிசபெத்தில் வாழ்ந்த ஹசன் ஈசொப் என்பவர் இந்தியாவில் இசுலாமிய முறைப்படி பாய் மரியம் என்ற பெண்ணை மணந்து அழைத்துவந்தார். அதிகாரிகள் அவரை இறங்க விடவில்லை. வழக்கு கேப் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 1913 மார்ச் 14 அன்று நீதிபதி மால்கம் சர்ல் தீர்ப்பளித்தார்: பலதார மணத்தை அனுமதிக்கும் ஒரு மதத்தின் முறைப்படி நடந்த மணம் அந்நாட்டுச் சட்டத்தின் பார்வையில் மணமாகாது. ஈசொப்புக்கு ஒரே மனைவிதான் என்பது பொருட்படுத்தப்படவில்லை. அவர் என்ன செய்தார் என்பதைவிட, அவருடைய மதம் எதை அனுமதிக்கிறது என்பதே அளவுகோலாயிற்று.

தீர்ப்பின் வீச்சு ஒரு குடும்பத்தோடு நிற்கவில்லை. இந்து, இசுலாமிய, பார்சி முறைகளில் நடந்த மணங்கள் அனைத்தும், முறையாகப் பதிவு செய்யப்பட்டிருந்தாலன்றி, கேள்விக்குள்ளாயின. பல்லாண்டுக் காலம் குடும்பம் நடத்திய பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் முன் ஆசைநாயகியராயினர். அவர்களின் பிள்ளைகளுடைய வாரிசுரிமை ஐயத்துக்குள்ளாயிற்று. ஊருக்குச் சென்று திரும்பும் மனைவி துறைமுகத்திலேயே தடுக்கப்படலாம் என்ற நிலை வந்தது.

இந்தியப் பெண்கள் சத்தியாகிரகத்தில் இறங்கியது இத்தீர்ப்பை ஒட்டியே. 1913 செப்டம்பரில் கஸ்தூரிபா உள்ளிட்ட 16 பேர் கொண்ட பீனிக்ஸ் குழு எல்லையைக் கடந்து சிறைபட்டது. டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட மற்றொரு குழுவில் 11 பெண்கள். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். சிலர் கைக்குழந்தையுடன் வந்தவர்கள். தம்பி நாயுடுவின் மனைவி அக்குழுவில் முன்னின்றார். அவர்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளரிடம் பேசினர். சுரங்கங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒப்பந்தம் முடிந்த கூலிகள் செலுத்தவேண்டியிருந்த மூன்று பவுண்டு வரியும் திருமண மறுப்பும் ஒரே போராட்டத்தில் இணைந்தன. நவம்பர் 6 அன்று தொடங்கிய நெடும்பயணத்தில் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் நடந்தனர். சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாட்களில் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த வள்ளியம்மைக்கு அப்போது வயது 16.

தில்லையாடி வள்ளியம்மை என்ற பெயர் தமிழ்ப் பாடநூல்களில் நாட்டுப்பற்றின் குறியீடாக நிலைத்துவிட்டது. அவர் பங்கேற்ற போராட்டத்தின் கோரிக்கைகளுள் ஒன்று, இந்திய முறையில் நடந்த மணம் மணம்தான் என்று அரசு ஏற்கவேண்டும் என்பது. இந்தச் செய்தி பாடநூலில் அத்தனை அழுத்தம் பெறுவதில்லை. குடும்பம், மனைவி, மணம் என்பவை 'தனிவாழ்வு' என ஒதுக்கப்படுவதும், வரியும் வாக்கும் 'அரசியல்' எனக் கொள்ளப்படுவதும் இதற்குக் காரணமாகலாம். 1913இல் போராடிய பெண்களிடம் அந்தப் பிரிவினை இல்லை.

1914இல் நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுண்டு வரியை நீக்கியது. உண்மையில் ஒருதார மணமாக இருப்பவற்றைப் பதிவு செய்து செல்லுபடியாக்க வழி செய்தது. இந்திய மதகுருக்களைத் திருமண அலுவலராக நியமிக்கவும் இடமளித்தது. இது வெற்றியே. ஆயினும் வெற்றியின் வடிவத்தையும் நோக்கவேண்டும். சமூகம் ஏற்ற மணம் தானே செல்லும் என்று சட்டம் சொல்லவில்லை. பதிவேட்டில் ஏறினால் செல்லும் என்றது. பின்னர் 1953இல் தென்னாப்பிரிக்கா சட்டத்தைத் திருத்தி, இந்தியாவிலிருந்து புதிதாக மணமகளை அழைத்துவரும் வழியையே அடைத்தபோது, சலுகையாகத் தரப்பட்டது சலுகையாகவே திரும்பப் பெறப்படும் என்பது உறுதியாயிற்று.

சான்றிதழ் பிறந்த தீர்மானம்

முதல் உலகப் போரில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து பணிபுரிந்தனர். அவர்களின் நாட்டினரை மனைவியுடன் வாழ விடமாட்டோம் என்று சொல்வது பேரரசுக்குச் சங்கடமாயிற்று. 1918இல் லண்டனில் கூடிய பேரரசுப் போர் மாநாடு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பிற நாடுகளில் நிலையாகக் குடியிருக்கும் இந்தியர் தம் மனைவியையும் வயது வராத பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம். நிபந்தனைகள் இரண்டு: ஒருவருக்கு ஒரு மனைவிக்கு மேல் கூடாது; அவர் சட்டப்படியான மனைவிதான் என்று இந்திய அரசு சான்றளிக்கவேண்டும்.

இன்றைய துணைவர் விசாக் கோப்பின் முன்னோடியைத் தேடினால் இந்த இரண்டாம் நிபந்தனையில் காணலாம். 'மனைவி' என்பது இரு குடும்பங்களும் ஊரும் அறிந்த உறவுநிலை என்பதிலிருந்து விலகி, ஓர் அரசு இன்னோர் அரசுக்கு எழுதித்தரும் சான்றின் பொருளாக மாறியது. பெரும்பாலான மணங்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத நாட்டில் இந்தச் சான்றைப் பெறுவது எளிதன்று. கனடா 1919இல் தீர்மானத்தை ஏற்றுக்கொண்ட பின்னும் 1920களில் அங்கே சென்ற இந்தியப் பெண்கள் மிகச் சிலரே.

பேரரசுக்கு வெளியே இருந்த அமெரிக்காவில் அந்த வழியும் இல்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவைத் தடைசெய்யப்பட்ட ஆசிய மண்டலத்துக்குள் வைத்தது. கலிபோர்னியாவில் உழவுத்தொழிலில் இருந்த பஞ்சாபியர் பலர் மெக்சிகப் பெண்களை மணந்தனர். இம்பீரியல் பள்ளத்தாக்கில் ஒரு கலப்புச் சமூகமே உருவாயிற்று. ஊரில் மனைவியை விட்டுவந்த சிலர் முதுமைவரை அவரைக் காணவில்லை. 1946இல் லூஸ்–செல்லர் சட்டம் இந்தியர்க்குக் குடியுரிமை பெறும் வழியைத் திறந்தது. ஆண்டுக்கு 100 பேர் என்ற ஒதுக்கீட்டையும் தந்தது. அதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

ஹீத்ரோ, 1979

பேரரசு கலைந்த பின் கேள்வி லண்டனுக்கே வந்து சேர்ந்தது. 1962ஆம் ஆண்டுச் சட்டம் காமன்வெல்த் நாட்டினரின் வரவைக் கட்டுப்படுத்தியபோதும், ஏற்கெனவே குடியேறியவர்களின் மனைவியரை விலக்கவில்லை. 1969இல் அவர்கள் புறப்படுவதற்கு முன்பே நுழைவுச் சான்று பெறவேண்டும் என்ற விதி வந்தது. எல்லை துறைமுகத்திலிருந்து நகர்ந்து டெல்லி, மும்பை அலுவலகங்களின் நேர்காணல் மேசைக்கு வந்தது. காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. கணவனும் மனைவியும் தனித்தனியே சொன்ன விவரங்களில் முரண் தென்பட்டால் உறவே பொய் என்று கருதப்பட்டது.

மணம் முடிக்க வரும் பெண்ணுக்கு அப்போது இந்த முன்சான்று தேவையில்லை, மனைவிக்குத் தேவை. இந்த வேறுபாட்டிலிருந்து ஓர் ஐயம் பிறந்தது: மணமகளாக வருவதாகச் சொல்பவர் உண்மையில் காத்திருப்பைத் தவிர்க்க விரும்பும் மனைவியாக இருந்தால்? 1979 ஜனவரியில் மணமகளாக ஹீத்ரோ வந்திறங்கிய 35 வயதான இந்திய ஆசிரியை ஒருவர் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டார். பிப்ரவரி 1 அன்று 'தி கார்டியன்' நாளிதழ் இதை வெளியிட்டது. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. உள்துறை அமைச்சர் மெர்லின் ரீஸ் அந்த வழக்கத்தைத் தடை செய்தார். தனித்த நிகழ்வு போல அப்போது பேசப்பட்டது. பிற்காலத்தில் அரசுக் கோப்புகளை ஆராய்ந்த எவன் ஸ்மித், மரினெல்லா மார்மோ ஆகியோர், துணைக்கண்டத்துப் பெண்கள் 80க்கும் மேற்பட்டோர் இத்தகைய சோதனைக்கு உள்ளானதற்கான பதிவுகளைக் கண்டெடுத்தனர்.

இந்தியப் பெண் மணமாகும்வரை இப்படித்தான் இருப்பாள் என்ற காலனியக் கற்பனை இங்கே ஆவணத்தின் இடத்தைப் பிடித்தது. தாள் போதாது என்று கருதியபோது அரசு பெண்ணின் உடலையே சான்றாக வாசிக்க முனைந்தது. 1913இன் நீதிமன்றம் ஒருவரின் மதத்தைக் கொண்டு அவரது மணத்தை மதிப்பிட்டதற்கும் இதற்கும் இடையே முறை வேறு, தருக்கம் ஒன்றே.

ஆண்களுக்கு வேறொரு தடை வைக்கப்பட்டது. இங்கிலாந்தில் வாழும் பெண்ணை மணந்து வரும் ஆண், மணத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றம் அன்று என்று நிறுவவேண்டும் என 1980களின் விதிகள் கூறின. 'இல்லை' என்பதை நிறுவும் சுமை விண்ணப்பதாரர் மீது விழுந்தது. பெற்றோர் பார்த்து முடிக்கும் மணத்தில் காதல் கடிதங்கள் இருக்கா; ஆகவே அவ்வகை மணங்களே மிகுதியாக ஐயத்துக்குள்ளாயின. ஆண்கள் தம் மனைவியரை எளிதில் அழைக்கலாம், பெண்கள் தம் கணவரை அழைக்க முடியாது என்ற பாகுபாட்டை எதிர்த்து மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குச் சென்றனர். 1985 மே 28 அன்று அப்துல்அசீஸ், கபாலெஸ், பால்கண்டலி வழக்கில், இது பால்வழிப் பாகுபாடு என்று தீர்ப்பு வந்தது. பிரிட்டிஷ் அரசு அதற்கிணங்கச் சமத்துவத்தைக் கொண்டுவந்தது. எப்படியெனில், கணவருக்கு இருந்த தடையை நீக்கி அன்று, அதே சோதனையை மனைவியருக்கும் விரிவுபடுத்தி. முதன்மை நோக்க விதி 1997இல்தான் நீக்கப்பட்டது.

அதன் இடத்தில் இப்போது வருமான வரம்பு இருக்கிறது. 2012இல் ஆண்டுக்கு 18,600 பவுண்டு எனத் தொடங்கி, 2024 ஏப்ரலில் 29,000 பவுண்டாக உயர்ந்தது. மதத்தையோ நிறத்தையோ விதி குறிப்பிடுவதில்லை. 1908இன் இடைநிற்காப் பயண விதியும் குறிப்பிடவில்லை.

தாளின் இரு பக்கங்கள்

இத்தனையும் சொன்ன பின், சான்றிதழை ஒடுக்குமுறையின் கருவியாக மட்டும் காண்பது எளிது. வரலாறு அத்தனை நேர்கோடாக இல்லை. 2006 பிப்ரவரி 14 அன்று சீமா எதிர் அஸ்வனி குமார் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், எல்லா மதத்தினரின் திருமணங்களும் கட்டாயம் பதிவு செய்யப்பட மாநிலங்கள் வழி செய்யவேண்டும் என்றது. குழந்தைத் திருமணத்தைத் தடுப்பதும், கைவிடப்பட்ட பெண்ணின் உரிமையைக் காப்பதும் அதன் நோக்கங்கள். தமிழ்நாடு 2009இல் அதற்கெனச் சட்டம் இயற்றியது. வெளிநாடுவாழ் கணவனால் கைவிடப்பட்ட பெண்ணுக்கு நீதிமன்றத்தில் துணைநிற்பதும் அதே தாள்தான். எல்லையில் அவளை ஐயுறும் ஆவணமும், வீட்டில் அவளைக் காக்கும் ஆவணமும் ஒன்றே. வேறுபாடு, அந்தத் தாளை யார் யாரிடம் எதற்காகக் கேட்கிறார் என்பதில் இருக்கிறது.

இந்தக் கேள்வியை இந்தியாவிடமும் கேட்கவேண்டும். இந்தியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்த வெளிநாட்டவர் கடல்கடந்த இந்தியக் குடிமக்கள் அட்டை பெறவேண்டுமானால், மணம் பதிவு செய்யப்பட்டு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நிலைத்திருக்கவேண்டும் என்று நம் குடியுரிமைச் சட்டம் கூறுகிறது. பாகிஸ்தான், வங்கதேசப் பின்னணி கொண்டோருக்கு அந்த வழியும் இல்லை. 1912இல் எந்த மொழியை எதிர்த்து ஒட்டாவாவின் கதவைத் தட்டினார்களோ, அதே மொழி இன்று நம் சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது.

சொல்லையும் சற்றே கவனிக்கலாம். அமெரிக்காவில் எச்-1பி விசாவில் பணிபுரிவோரின் மனைவிக்கு உரிய எச்-4 விசாவின் சட்டப் பெயர் 'சார்ந்திருப்பவர்'. எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும் அந்த விசாவில் சென்ற பெண் வேலை செய்ய முடியாது என்ற நிலை 2015 வரை நீடித்தது. அதன் பின்னரும் நிரந்தரக் குடியிருப்புக்கான நடைமுறையில் கணவன் குறிப்பிட்ட கட்டத்தை எட்டிய குடும்பங்களுக்கே தளர்வு கிடைத்தது. அந்தத் தளர்வும் நிர்வாக விதியால் வந்தது, நாடாளுமன்றச் சட்டத்தால் அன்று. 1912இல் கனடா பயன்படுத்திய 'கருணை' என்ற சொல் மறைந்துவிட்டது. அதன் பொருள் மறையவில்லை.

தூதரக வரிசையில் நிற்கும் பெண்ணின் கையிலிருக்கும் கோப்பு குடும்ப வரலாற்றின் ஆவணம் மட்டுமன்று, சட்ட வரலாற்றின் ஆவணமும்கூட. அதில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் ஒரு தொடக்கம் உண்டு. அவற்றுள் சில, மறுக்கப்பட்டவர்கள் போராடிப் பெற்றவை; வேறு சில, அவர்களை மறுப்பதற்கென்றே வகுக்கப்பட்டவை. எது எந்த வகை என்று பிரித்தறிவது குடியேற்ற ஆய்வாளர் முன் இருக்கும் பணி. மணத்தின் உண்மையை நிறுவும் பொறுப்பு ஏன் எப்போதும் பிரிந்திருக்கும் இருவர் மீதே விழுகிறது, அவர்களைப் பிரித்து வைக்கும் அரசு ஏன் எதையும் நிறுவவேண்டியதில்லை என்ற கேள்வி, வான்கூவர் துறைமுகத்தில் எழுந்த நாள்முதல் இன்றுவரை விடை பெறாமலே இருக்கிறது.